புதன்கிழமை காலை எங்களுக்குத் திரும்ப வேண்டும்: முதியோர் நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிலைய மேலாளர் அவர்களுக்கும், நிலையத்தை நடத்தும் அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கும்,

புதன்கிழமை காலைத் தமிழ் அமர்வு அடுத்த மாதம் முதல் இல்லை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. காரணம் ஒரே வரி: சராசரி வருகை போதவில்லை. அதற்குக் கீழே, எல்லோருக்குமான மற்ற நடவடிக்கைகளில் கலந்துகொள்ளுங்கள் என்று சிரிப்புப் பொம்மையோடு இன்னொரு வரி. அவ்வளவுதான். வருகிறவர்கள் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அந்த அமர்வைத் தொண்டூழியராக நடத்திவந்த என்னிடமும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

ஆங்கிலத்தில் எழுதியதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அது உங்களிடம் இருக்கிறது. இதைத் தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம், விஷயம் நம் ஒரு நிலையத்தோடு நிற்கவில்லை என்பதுதான். சிங்கப்பூரில் மற்ற பேட்டைகளில் இருக்கும் தமிழ் முதியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். நிலையத்தின் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. ஊழியர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. என் வழக்கெல்லாம் நீங்கள் தலை எண்ணும் முறையோடுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு உங்கள் அறிக்கையில் ‘சமூக உரையாடல்’ என்று மட்டும் இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு முதலில் தமிழ் முரசு நாளிதழ். கண் நன்றாகத் தெரிகிறவர் ஒருவர் உரக்கப் படிப்பார். எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, இரங்கல் அறிவிப்புதான். இறந்தவர் எந்தக் குவார்ட்டர்ஸில் (வேலையிடம் கொடுத்த குடியிருப்பில்) இருந்தவர், அவருடைய அண்ணன் எந்த வேலையில் இருந்தார், மகளை எங்கே கட்டிக்கொடுத்தார் என்பதெல்லாம் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாவுச் செய்தி பேசுகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அது எங்கள் வரலாற்று வகுப்பு. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி. அது முடிந்தால் தாயம். மேசையில் சாக்பீஸால் கட்டம் போடுவோம் (துடைத்துவிட்டுத்தான் போவோம், அதைப் பற்றி ஒரு புகார் வந்ததும் எனக்குத் தெரியும்). மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒரு சட்டம் சொல்வார், நாமக்கல் பக்கத்து அக்கா அப்படியே மாற்றிச் சொல்வார், கடையநல்லூர் பாய் ஒருவர் இரண்டையும் மறுப்பார். காய் இறங்குவதற்குள் கோப்பி ஆறிவிடும். எண்பது வயதுக்காரர்கள் அவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு தடவை வரவேற்பு மேசைப் பெண் பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

இனி, நீங்கள் எங்களைப் போகச் சொல்லும் ‘எல்லோருக்குமான’ நடவடிக்கைக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை பிங்கோ. எண்ணை முதலில் மாண்டரினில் சொல்கிறார்கள், பிறகு ஆங்கிலத்தில். சில நேரம் கூட்டத்தைக் கலகலப்பாக்க ஹொக்கியனில் ஒரு வேடிக்கை. எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு பாட்டி இருக்கிறார். ஆங்கில எண்கள் அவருக்கு இருபது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீன ஆன்ட்டியின் முகத்தைப் பார்ப்பார். அந்த ஆன்ட்டி நல்ல மனுஷி. தன் அட்டையைக் கவனித்துக்கொண்டே கையை நீட்டிப் பாட்டியின் அட்டையிலும் வில்லையை வைத்துவிடுவார். ஒரு வாரம் பாட்டி ஜெயித்துவிட்டார். ‘பிங்கோ’ என்று கத்தியது அந்த ஆன்ட்டி. பரிசாகக் கிடைத்த பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமலே பாட்டி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். உங்கள் பதிவேட்டில் அன்று அவர் ‘பங்கேற்றவர்’. புதன்கிழமை இதே பாட்டி என்ன செய்வார் தெரியுமா? தாயத்தில் எதிராளி காயை வெட்டிவிட்டு, வெட்டுப்பட்டவருக்கு அவருடைய மாமியார் கதையைச் சொல்லி இன்னும் வெறுப்பேற்றுவார்.

அந்தச் சீன ஆன்ட்டி மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கையாலேயே எல்லாம் நடக்கட்டும் என்று விட்டுவிட்ட திட்டத்தின் மேல்தான் குறை.

நம்முடையது போன்ற துடிப்பாக மூப்படைதல் நிலையம் என்பது பொழுதுபோக்கு மன்றம் அல்ல என்று நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நடவடிக்கைகள், நட்புத் துணை, பராமரிப்புச் சேவைகளுக்கு வழிகாட்டுவது என்று மூன்று வேலைகள். இப்போது ரத்த அழுத்தம் பார்ப்பது போன்றவையும் சேர்ந்திருக்கின்றன. நாற்காலி ஜூம்பாவுக்கு மொழி தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். எண் வில்லைகளை வைத்து ஆடும் ரம்மி-ஓவுக்கும் தேவையில்லை, நானே நன்றாக ஆடுவேன். ஆனால் நட்புத் துணையும் வழிகாட்டுதலும் பேச்சில்லாமல் எப்படி நடக்கும்?

ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இரண்டறை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். உங்கள் ஊழியர் மாதம் ஒருமுறை அவரிடம் படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்பார். சாப்பாடு? ஓகே. தூக்கம்? ஓகே. மருந்து? ஓகே, ஓகே. படிவத்தில் ‘குறை ஏதுமில்லை’. புதன்கிழமை ஒரு நாள் தாயத்தின் நடுவே அவர் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்து, முன்பு மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த ஓர் அக்கா, “என்ன அண்ணே, காலில் என்ன?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லம்மா, செருப்பு கடிச்சது” என்றார். அக்கா விடவில்லை, காலுறையைக் கழற்றச் சொன்னார். கால் விரலுக்கு அடியில் புண், காலுறையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வலியே இல்லை என்று அவர் சொன்னதுதான் எங்களைப் பயமுறுத்தியது. நீரிழிவு முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கே பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனோம். கால் தப்பியது. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பது சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அந்தச் செய்தியைக் கேட்க வேண்டிய மனிதர் உங்கள் படிவத்துக்கு ‘ஓகே’ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கும் இது நாளைக்கு வரும். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, சிறுவயது மொழிக்கே திரும்பிவிடுகிறவர்களைப் பராமரிப்பாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். மனநலக் கழகம் 2023இல் எடுத்த ஆய்வுப்படி, இங்கே 60 வயதைத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கிறது. துறைமுகத்தில் நாற்பது வருஷம் ஆங்கிலத்திலும் பாசார் மலாயிலும் வேலை பார்த்த என் நண்பர் ஒருவர் இப்போது தமிழைத் தவிர எதற்கும் பதில் சொல்வதில்லை.

“வீட்டில்தான் தமிழ் பேசுகிறீர்களே” என்று உங்கள் அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. இந்தியர்கள் 9 விழுக்காடு. நடுவில் இருப்பவர்களின் வீட்டில் என்ன பேசுகிறார்கள்? பிற இந்திய மொழிகளை விட்டால் பெரும்பாலும் ஆங்கிலம். மகனும் மருமகளும் ஆங்கிலம், பேரப்பிள்ளைகள் ஆங்கிலம், பணிப்பெண்ணோடு கை ஜாடை. “பாட்டி, சாப்டாச்சா?” என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை கைப்பேசிக்குத் திரும்பிவிடும். எங்கள் குழுவில் பலருக்கு வாரம் முழுக்க ஒருவரோடு உட்கார்ந்து முழு வாக்கியமாகத் தமிழ் பேசும் நேரம் புதன் காலை மட்டும்தான். ஒலி 96.8 வானொலி நாள் முழுக்கப் பேசும், சரி; ஆனால் நீங்கள் பேசுவதை அது கேட்காது.

தனிமை என்பது மனக்கஷ்டத்தோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சிங்கப்பூர் முதியவர்களை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வு, 60 வயதில் தனிமையை உணர்கிறவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டு குறைவாக வாழக்கூடும் என்று சொன்னது. கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தாலும் தனிமை தனிமைதான்.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ஆள் குறைவு என்கிறீர்கள். குறைவுதான். ஏன் குறைவு?

நாங்கள் ஒரு காலத்தில் கூட்டமாகத்தான் இருந்தோம். செம்பவாங் கடற்படைத் தளக் குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்தேன். ஒரு வரிசையில் தமிழர், அடுத்த வரிசையில் மலையாளி. ரயில்வேக்காரர்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ், துறைமுகத்துக்காரர்களுக்கு ஒன்று. பிரிட்டிஷார் 1971இல் படைகளை விலக்கிக்கொண்ட பிறகு தளத்துக் குடும்பங்கள் சிதறின. எல்லோரும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு வந்தோம். ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை வீடுதான் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. 2010இல் திருத்தப்பட்ட வரம்பின்படி, இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; ஓர் அக்கம்பக்கத்தில் 12.

இந்தக் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. என் பிள்ளைகள் மூன்று இனத்துப் பிள்ளைகளோடு கீழ்த்தளத்தில் பந்து விளையாடி வளர்ந்தார்கள்; இன்றைக்கும் எங்கள் மாடியில் நோன்புப் பெருநாளுக்கு ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு போகும். ஆனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நூறு வீடு உள்ள புளோக்கில் அதிகபட்சம் பதினைந்து வீடு. அதில் மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி, யுரேஷியர் போகத் தமிழர் எத்தனை? அவர்களில் 60 வயதைத் தாண்டியவர் எத்தனை பேர்? அவர்களில் முழங்கால் வலி இல்லாமல், ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகாத நாளாகப் பார்த்து, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலையும் இல்லாமல் கீழே இறங்கி வரக்கூடியவர்? ஒரு கை விரல் மிச்சம். உங்கள் நிலையத்தின் எல்லைக்குள் வருவதோ சில புளோக்குகள் மட்டும்.

ஆக, தீவு முழுக்க எந்த நிலையத்தை எடுத்தாலும் தமிழ் முதியவர்கள் சிறு கூட்டமாகத்தான் இருப்பார்கள். அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் வீட்டுக் கொள்கையின் நோக்கமே. எங்களைப் பரப்பி வைத்தது சமுதாயத்தின் நன்மைக்கு என்றால், பரவிக் கிடப்பதையே காரணமாகக் காட்டி அறையைப் பறிப்பது எந்த நியாயம்? எல்லோருக்கும் ஒரே குறைந்தபட்ச எண்ணிக்கை என்பது கேட்பதற்குச் சமத்துவமாக இருக்கும். யார் தோற்பார்கள் என்பது மட்டும் முதல் நாளே முடிவாகிவிட்டது.

உங்கள் எண்ணிக்கையிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நடுவில் சில மாதம் அமர்வைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினீர்கள். காலையில் அறையை வேறு வகுப்புக்குக் கொடுத்திருந்தீர்கள். சாப்பிட்டு மருந்து போட்டுக்கொண்ட முதியவர் இரண்டு மணிக்கு எங்கே இருப்பார் என்று உங்களுக்கே தெரியும். வருகை சரிந்தது. அந்த மாதங்களும் உங்கள் சராசரிக்குள் இருக்கின்றன. மாத நாள்காட்டியில் எங்கள் அமர்வு ஆங்கிலத்தில், கடைசி வரிசையில், ‘இந்திய நடவடிக்கை’ என்று மட்டும் இருந்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ் அமர்வு இருப்பது எப்படித் தெரியும்? வாசலில் வருகைப் பதிவு அட்டையைத் தட்டாமல் நேராக உள்ளே வந்துவிடும் இரண்டு பாட்டிகளை யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை. பக்கத்து நிலையத்தின் எல்லையிலிருந்து நடந்து வந்த ஒரு தம்பதியை, “உங்கள் புளோக் இங்கே வராது” என்று ஒரு தடவை சொல்லிவிட்டார்கள். அவர்கள் அப்புறம் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிறிய விஷயம்தான். சேர்ந்து சாப்பிடும் மதிய உணவில் எங்களுக்கு ‘சைவம்’ உண்டு. மீஹூன் (அரிசி நூடுல்ஸ்), மேலே சைவ வாத்து. தோல், கொழுப்பு வரிசை எல்லாம் அச்சாக வாத்து மாதிரியே இருக்கும். ஐம்பது வருஷமாகக் கறி தொடாத ஒரு பாட்டி அதைக் கரண்டியால் ஓரமாகத் தள்ளிவிட்டு வெறும் மீஹூனைச் சாப்பிடுவார். மாவுதான் அது என்று எத்தனை தடவை சொன்னாலும், “மாவுக்கு எதுக்குத் தோலு?” என்று கேட்பார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடையநல்லூர் பாய்க்கு ஹலால் முத்திரை இல்லாததால் பிஸ்கட்டும் தேநீரும்.

தீபாவளிக்கு மட்டும் நீங்கள் எந்தக் குறையும் வைப்பதில்லை. வாசலில் ரங்கோலி, எல்லா ஊழியர்களும் சேலை, வேட்டி, சட்டை. தொகுதிப் பிரமுகர் வருவார். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுப்பீர்கள். அந்தப் படம் உங்கள் ஆண்டறிக்கையில் இருக்கிறது. படத்தில் இருக்கும் அதே ஆட்களுக்குத்தான் இப்போது புதன்கிழமை அறை இல்லை.

பணம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 2023இல் அறிவிக்கப்பட்ட ‘ஏஜ் வெல் எஸ்ஜி’ திட்டத்துக்குப் பத்தாண்டுகளில் 3.5 பில்லியன் வெள்ளி. துடிப்பாக மூப்படைதல் நிலையங்களுக்கு என்று 2024 முதல் 2028 வரையிலான நிதியாண்டுகளுக்கு 800 மில்லியன். நிலையங்களை 2025க்குள் 220ஆக உயர்த்துவது இலக்காக இருந்தது. 2026இல் நாட்டு மக்களில் 21 விழுக்காட்டினர் 65 வயதைத் தாண்டியிருப்பார்கள், 2030இல் நால்வரில் ஒருவர் என்று அரசு பல வருஷமாகச் சொல்லிவருகிறது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் நாங்கள் கேட்பது ஓர் அறை, இரண்டு மணி நேரம், ஒரு நாளிதழ். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பது அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு. சிறுபான்மையினரின் நலனைத் தொடர்ந்து கவனிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்பது 152ஆவது பிரிவு. அரசாங்க நிதியில் நடக்கும் நிலையத்தின் கால அட்டவணையிலும் அது கொஞ்சம் தெரிய வேண்டாமா?

“கோயிலுக்குப் போகலாமே, தேக்காவுக்குப் போகலாமே, சிண்டா இருக்கிறதே” என்று நீங்கள் சொல்லக்கூடும். கோயிலுக்குப் போகிறவர் போகிறார். இந்த வட்டாரத்தில் ஈசூன் புனிதமரம் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லோரையும் பார்க்கலாம். ஆனால் பாயும் எங்கள் குழுவில் இருக்கும் தேவாலயத்து அக்காவும் அங்கே தாயம் ஆட முடியாது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு வடக்கிலிருந்து ரயில் மாறி, மின்தூக்கி தேடி, கைத்தடியோடு போய்வருவது ஒரு நாள் வேலை. சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991இல் பிள்ளைகளின் படிப்பை முதன்மையாக வைத்துத் தொடங்கப்பட்டது. வீட்டுக்குக் கீழே மின்தூக்கியில் இறங்கினால் நிலையம் இருக்க வேண்டும் என்பதுதானே உங்கள் திட்டத்தின் அடிப்படை? அது எங்களுக்கு மட்டும் பொருந்தாதா?

எங்கள் ஆட்களிடமும் ஒன்று கேட்கிறேன். அப்பா அம்மாவுக்குத் தேக்காவிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டுவந்து கொடுக்கிறோம், ஊருக்கு டிக்கெட் போடுகிறோம். நிலையத்தில் பெயரைப் பதிய நேரமில்லை என்கிறோம். “அங்கே எல்லாம் சீனர்கள்தான்” என்று வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டு, வருகை குறைவு என்று நிலையம் சொல்லும்போது கோபப்படுவதில் பிரயோசனம் இல்லை. உங்கள் வட்டார நிலையத்தில் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். தமிழ் நடவடிக்கை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

நிர்வாகத்திடம் நான் கேட்பவை இவை.

புதன்கிழமை காலை பத்து மணி அமர்வை அதே அறையில், அதே நேரத்தில் திரும்பத் தொடங்குங்கள். ஒரு முழு ஆண்டுக்கு நேரத்தை மாற்றாமல் நடத்துங்கள். அதன் பிறகு மறுபரிசீலனை செய்வதானால், எத்தனை தலை என்று பார்க்காமல், உங்கள் எல்லையில் உள்ள தமிழ் முதியவர்களில் எத்தனை பங்கு பேர் வந்தார்கள் என்று பாருங்கள். ரம்மி-ஓ குழுவுக்கும் அதே அளவுகோலை வையுங்கள். யார் வருகை அதிகம் என்று அப்போது பார்க்கலாம்.

பக்கத்து நிலையங்களோடு பேசுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் நான்கைந்து பேர் என்றால், நான்கு நிலையங்கள் சேர்ந்து ஒரு நல்ல கூட்டம். எங்காவது ஓரிடத்தில் வாரம் ஒருநாள் வைத்து, நடக்க முடியாதவர்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்தால் போதும். தமிழ் அமர்வுக்கு மட்டுமாவது எல்லைக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள். திருப்பி அனுப்பப்பட்ட அந்தத் தம்பதியை நீங்களே தொலைபேசியில் அழைத்து வரச்சொல்லுங்கள்.

தமிழ் மட்டும் தெரிந்த முதியவர்களின் மாதாந்தரக் கேள்விகளைத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும். ஊழியர் கிடைக்காவிட்டால் தொண்டூழியர். சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவிடம் கேட்டால் ஆள் தருவார்கள், நானும் கேட்டுத் தருகிறேன். நாள்காட்டியில் தமிழ் அமர்வைத் தமிழில் அச்சிடுங்கள், அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நடவடிக்கைகளை முடிவுசெய்யும் குழுவில் தமிழ் முதியவர் ஒருவர் இருக்கட்டும். சாப்பாட்டு விஷயத்தில் வாரம் ஒரு நாள் சாம்பார் சோறும் ஒரு கூட்டும் போதும். சமைக்கும் இடம் ஹலாலாக இருந்தால் பாயும் சாப்பிடுவார்.

இந்த நிலையங்களுக்கு ஆதரவளிக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கும் ஒரு வேண்டுகோள்: எந்த நிலையத்தில் எந்த மொழியில் எத்தனை நடவடிக்கைகள் நடக்கின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். எண்ணிக்கை வைத்துத்தான் பேச வேண்டும் என்றால் அந்த எண்ணிக்கையும் எங்களிடம் இருக்கட்டும்.

இதற்கான பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், கையொப்பமிட்ட கடிதமாக இந்த மாத இறுதிக்குள் எதிர்பார்க்கிறேன். அதற்குமுன் நேரில் பேச வேண்டும் என்றால் நான் தயார். வார்டில் வேலை பார்த்த அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அந்தப் படிவத்தைப் பற்றி அவருக்கு நிறையக் கேள்விகள் இருக்கின்றன. மறுமொழி வரும்வரை நாங்கள் புதன்தோறும் பத்து மணிக்கு நிலையத்துக்கு வெளியே கீழ்த்தளத்துக் கல் மேசையில் கூடுவோம். அங்கே மின்விசிறி இல்லை, எனவே சீக்கிரம் முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
புதன் காலை அமர்வின் தொண்டூழியர்